எதைக் கேப்பீங்க?

உங்களிடம் எத்தனை பாட்டு இருக்கிறது?

எத்தனை பாட்டு பிடிக்கும் என்று கேட்கவில்லை. எத்தனை பாட்டு தெரியும் என்றும் கேட்கவில்லை. செல்போன், கம்ப்யூட்டர், பென் டிரைவ், பரணில் தூசு படிந்து கிடக்கும் கேசட் பெட்டி... எல்லாவற்றையும் சேர்த்து, ‘இதெல்லாம் என்னிடம் இருக்கிறது’ என்று நீங்கள் சொல்லக்கூடியது எத்தனை?

2008-ல் இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஒரு நொடி கூட யோசித்திருக்க மாட்டேன். ‘14,200’ என்று சொல்லியிருப்பேன். சொல்லப்போனால், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்த காலம் அது!

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் எனக்கு ஒரு மியூசிக் பிளேயர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். சீட்டுக்கட்டு அளவுதான். உள்ளே ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க். 80 ஜிபி. ஏறக்குறைய 20,000 பாட்டு பிடிக்கும்.

அந்தக் காலம் ஞாபகம் இருக்கிறதா? 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் முதல் ஐபாடை அறிமுகம் செய்தபோது அதன் கொள்ளளவு 5 ஜிபி. சட்டைப் பையில் 1,000 பாட்டு என்றதற்கே உலகம் வாயைப் பிளந்தது. ஆறே வருடம்தான். 2007-ல் ‘ஐபாட் கிளாசிக்’ 160 ஜிபியில் வந்தது. 40,000 பாட்டு என்றார்கள்.

40,000 என்றால் எவ்வளவு? பாட்டுக்கு நான்கு நிமிஷம் என்று வையுங்கள். தூங்காமல், சாப்பிடாமல், இடைவிடாமல் கேட்டால் 111 நாள். நம்மைப் போல ஆபீஸ் போகிறவர்கள் தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஏழு வருஷத்துக்கு மேல். அதுவும் ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஒரு தடவை. பிடித்த பாட்டை இரண்டாம் தரம் கேட்க நேரம் கிடையாது!

நான் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. நிரப்பினேன். இரண்டு மாதம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நிரப்பினேன். எம்.கே.டி.பாகவதர், மாலியின் புல்லாங்குழல், மதுரை சோமு, இளையராஜா, ரஹ்மான், பீத்தோவன்... போர்ச்சுகீசியப் பாடல்கள் மட்டும் 200. எனக்குப் போர்ச்சுகீசிய மொழியில் ‘வணக்கம்’கூடத் தெரியாது. நண்பர் கொடுத்தார். இடம் இருந்தது. ஏற்றிக்கொண்டேன்.

ஏன் இந்த வெறி? எனக்கு ஒரு காரணம் இருந்தது. 80-களில் கேசட் பதிவு செய்யும் கடை வாசலில் வளர்ந்தவன் நான். ஒரு 60 நிமிஷ கேசட் வாங்க மாதக்கணக்கில் காசு சேர்க்க வேண்டும். அதில் பன்னிரண்டு, மிஞ்சினால் பதிமூன்று பாட்டு. வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, பதிமூன்றாவது பாட்டு எது என்று தம்பியோடு சண்டை போட்டு... அந்த வறுமையை இப்போது சிலர் ‘ஆஹா, அந்தக் காலம்!’ என்று கொண்டாடுகிறார்கள். நான் கொண்டாட மாட்டேன். ஒரு நல்ல பாட்டைக் கேட்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் நின்றவனுக்குத்தான் அதன் வலி தெரியும். சங்கீதம் எல்லோருக்கும் மலிவாகக் கிடைப்பது நல்ல விஷயம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சந்தேகம் வேறு. அது ஆரணியில் ஆரம்பித்தது.

*

அந்த வருஷம் வீட்டில் ஒரு கல்யாணம். பட்டு எடுக்க ஆரணி போயிருந்தேன். நண்பர் ஒருவர் மூலமாக ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அறிமுகமானார். எழுபதை நெருங்கும் வயது. நயினார். அதாவது தமிழ்ச் சமணர். ஆரணி, போளூர், வந்தவாசி, செஞ்சிப் பக்கமெல்லாம் இவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான். நம்மில் பலருக்குத்தான் இவர்கள் இருப்பதே தெரியாது.

“கடையில வாங்கறது இருக்கட்டும் தம்பி. முதல்ல தறியைப் பாத்துட்டு வாங்க” என்று ஒரு நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

குழித்தறி. மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கின. பார்டரில் மயில் வர வேண்டுமா, மாங்காய் வர வேண்டுமா என்பதெல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கிறது. ஓட்டை இருந்தால் இழை மேலே எழும்பும். இல்லையென்றால் எழும்பாது. அவ்வளவுதான் சூட்சுமம். இருக்கு, இல்லை. ஒன்று, சைபர். 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரத்துப் பட்டுத் தறிகளுக்காக ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய ஏற்பாடு இது. கம்ப்யூட்டருக்கு இதைத்தான் மூதாதை என்பார்கள். என் சட்டைப் பையில் இருந்த பிளேயருக்கும் ஒருவகையில் கொள்ளுத் தாத்தா!

சந்தோஷம் தாங்காமல் பிளேயரை எடுத்து நெசவாளரிடம் காட்டினேன்.

“எல்லாப் பாட்டும் இதுக்குள்ளாறயா சார்?”

“ஆமாங்க. பதினாலாயிரத்துக்கு மேல.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏளனமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

“அப்ப எதைக் கேப்பீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. ‘மனசுக்குத் தோன்றுவதை’ என்று சமாளித்தேன். பொய். உண்மையில், எதைக் கேட்பது என்று தெரியாமல் ‘ஷஃபிள்’ போட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டும் பத்து வினாடி ஓடியதும் ‘அடுத்தது... அடுத்தது’ என்று தட்டிக்கொண்டிருந்தேன். இது என் ஒருவனுடைய வியாதி இல்லை போலிருக்கிறது. 2005-லேயே ஆப்பிள், திரையே இல்லாத ஒரு ‘ஐபாட் ஷஃபிள்’ விற்றது. அடுத்து என்ன பாட்டு வரும் என்று தெரியாமல் இருப்பதையே ஒரு வசதி என்று சொல்லி விற்கிற அளவுக்கு நமக்குத் தேர்ந்தெடுப்பது பாரமாகிவிட்டது!

நெசவாளர் வீட்டுச் சுவரில் ஒரு பழைய ரேடியோ தொங்கியது. பாடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரொம்ப மெதுவாக. “சத்தமா வெச்சா என்னங்க?” என்றேன்.

“பாட்டு தறிக்கு மேல போகக்கூடாது சார். இழை அறுந்துச்சுன்னா தறிச் சத்தம் மாறும். அது காதுல விழணும்ல?”

*

“இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. திருமலை பாத்துட்டுப் போங்க தம்பி” என்றார் ஆசிரியர்.

திருமலை என்றதும் உங்களைப் போலவே எனக்கும் திருப்பதிதான் ஞாபகம் வந்தது. இது வேறு. ஆரணியிலிருந்து போளூர் போகிற வழியில், வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். சமணர்களுக்குப் புனிதமான மலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை பெயரால் ‘குந்தவை ஜினாலயம்’ இங்கே இருக்கிறது. பழைய ஓவியங்கள் உள்ள குகை இருக்கிறது. மேலே பாறையிலேயே செதுக்கப்பட்ட நேமிநாதர் நிற்கிறார். பதினாறு அடிக்கு மேல் உயரம். தமிழ்நாட்டுச் சமணச் சிலைகளில் இதுதான் மிக உயரமானது என்கிறார்கள்.

நல்ல வெயில். படி ஏற ஆரம்பித்ததும் நான் இயர்போனை மாட்டிக்கொண்டேன். மலை, காற்று, காதில் மாலியின் புல்லாங்குழல். சொர்க்கம்!

முக்கால்வாசி ஏறியபிறகு திரும்பிப் பார்த்தேன். ஆசிரியரைக் காணோம்.

பதறிப்போய் இறங்கினேன். ரொம்பக் கீழே, ஒரு படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை லேசாக நடுங்கியது. புல் சுமந்து வந்த ஒரு பெண்மணி தன் தூக்கில் இருந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரராம். தாழ்ந்துவிட்டது. அவரே பையில் வைத்திருந்த வெல்லத்துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா... கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“ரெண்டு தடவை கூப்பிட்டேன் தம்பி. அப்புறம் பார்த்தா நீங்க பாட்டுல இருந்தீங்க. சரி, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்” என்றார். சிரித்தபடியேதான் சொன்னார்.

எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. என் பையில் 14,200 பாட்டு இருந்தது. பின்னால் ஒரு மனிதர் கூப்பிட்ட குரல் மட்டும் எனக்கு எட்டவில்லை.

அரை மணி நேரம் கழித்து, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், மெல்ல மெல்ல மேலே வந்துவிட்டார். நேமிநாதர் முன்னால் உட்கார்ந்தோம். நான் எதுவும் கேட்காமலே கதை சொன்னார்.

நேமிநாதர் 22-வது தீர்த்தங்கரர். இளவரசராக இருந்தபோது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. பெண் ராஜமதி. மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்புகிறது. மேளம், தாளம், வாத்தியம், கூட்டம். அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் காதில் வேறொரு சத்தம் விழுகிறது. என்ன சத்தம் என்று தேரோட்டியைக் கேட்கிறார். கல்யாண விருந்துக்காகப் பட்டியில் அடைத்து வைத்திருக்கும் ஆடுமாடுகள், மான்கள் கதறுகிற சத்தம். தேரைத் திருப்பச் சொல்கிறார். கல்யாணமும் வேண்டாம், ராஜ்யமும் வேண்டாம் என்று போய்விடுகிறார்.

“அத்தனை பேருக்கும் காது இருந்துச்சு தம்பி. வாத்தியத்தைத் தாண்டிக் கேட்டது அவருக்கு மட்டும்தான்.”

அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சிலைக்கு முன்னால் எல்லோருக்கும் சொல்கிற கதை அது. குத்தியது என்னை!

*

பிறகுதான் ‘அபரிக்கிரகம்’ பற்றிப் பேச்சு வந்தது. பொருள் சேர்க்காமை. சமணத் துறவிக்கு அது முழு விரதம். எதுவுமே கூடாது. திகம்பர முனிவர்களுக்கு உடைகூடக் கிடையாது. ஆனால் குடும்பஸ்தனிடம் அப்படிக் கேட்க முடியுமா? அவனுக்கு விரதம் சின்னதாக்கப்பட்டிருக்கிறது. நிலம், வீடு, பொன், தானியம், பாத்திரம், துணி... ஒவ்வொன்றிலும் ‘எனக்கு இவ்வளவு போதும்’ என்று ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வந்தால் கொடுத்துவிட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, அந்த அளவை யாரும் வெளியிலிருந்து விதிப்பதில்லை. நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குள் இருந்த வக்கீல் சும்மா இருப்பானா?

“ஐயா, நெல்லைப் பதுக்கினால் இன்னொருவன் பட்டினி. நிலத்தை வளைத்தால் இன்னொருவனுக்கு இடமில்லை. சரி. பாட்டு அப்படியா? நான் ஒரு பாட்டைக் காப்பி எடுத்தால் உங்களிடம் அது குறையுமா? எடை இல்லை, இடம் இல்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. இதற்கும் அளவு வேண்டுமா?”

“காசு கொடுக்காம எடுத்தீங்கன்னா பாடினவருக்கு நஷ்டம்தானே? ஆனா அது வேற விரதம். கள்ளாமை” என்று சிரித்தார். எனக்கு இயர்போனைவிடக் காது சிவந்தது. “அதை விடுங்க. காசு கொடுத்தே வாங்கினதா வெச்சுக்குவோம். உமாஸ்வாதின்னு ஒரு ஆசாரியர். தத்துவார்த்த சூத்திரம் எழுதினவர். உடைமைன்னா என்னன்னு சொல்லும்போது அவர் பொருளைச் சொல்லலை தம்பி. மூர்ச்சையைச் சொல்றார்.”

மூர்ச்சை! நாம் மயங்கி விழுவதற்குச் சொல்கிற அதே சொல்.

அதாவது, ஒரு பொருள் உங்களிடம் இருப்பது பிரச்னை இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நினைவு தப்பிக் கிடப்பதுதான் பிரச்னை. அப்படிப் பார்த்தால் எடையும் இடமும் ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஒரு கோவணத்திலும் மூர்ச்சை வரலாம். 80 ஜிபியிலும் வரலாம்.

என் வாதத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. நான் பாட்டைச் சேர்ப்பதால் அடுத்தவனிடம் பாட்டு குறையாது என்பது உண்மைதான். ஆனால் குறைகிற சரக்கு ஒன்று இருக்கிறது. என் கவனம். அது 24 மணி நேரத்துக்குள் அடங்கியது. அதற்குக் கொள்ளளவைக் கூட்ட எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதில் ஆசிரியருக்கு ஒரு பங்கு இருந்தது. என் மனைவிக்கு, பிள்ளைக்கு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஏன், அந்தப் பாட்டுகளுக்கே ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைத்தான் நான் பதுக்கிக்கொண்டிருந்தேன். பட்டினி கிடந்தவர் அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தார்.

இறங்கும்போது கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ராஜேந்திர சோழன் காலத்தில் இந்த மலைப்பாறையில் வெட்டியது. சரித்திரம் படிப்பவர்களுக்கு மிகப் பிரபலமான கல்வெட்டு. ராஜேந்திரன் வென்ற நாடுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஈழம், ஒட்டர் தேசம், வங்காளம், கங்கை... நீளமான பட்டியல். எதற்காக இந்தக் கல்வெட்டு என்று கடைசி வரை படித்தால்தான் தெரியும். ஒரு வணிகரின் மனைவி, பெயர் சாமுண்டப்பை, இந்தக் கோயிலில் விளக்கு எரியவும் அமுது படைக்கவும் பணம் கொடுத்திருக்கிறார்.

அவ்வளவு நாடுகளும் அந்த விளக்குக்கு முன்னுரை!

*

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு பாட்டையும் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்று அந்த சாஃப்ட்வேர் கணக்கு வைத்திருக்கும். அதுவரை நான் பார்த்ததில்லை. 14,200-ல் 11,000-க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு நேரே ஒரே எண்தான் இருந்தது. சைபர்.

ஜக்கார்டு அட்டை ஞாபகம் வந்தது. அதில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் சேலையில் ஒருமுறையாவது வந்தே தீரும். நெய்யாத ஓட்டையை அந்த நெசவாளர் வைத்துக்கொள்வதில்லை.

உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஞானியாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மனசு வரவில்லை. ஆனால் ஒரு அளவு வைத்தேன். 300. அதற்கு மேல் ஒரு பாட்டு வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒன்று வெளியே போக வேண்டும். பழைய கேசட் கடைப் பட்டியல் மாதிரிதான். ஒரு வித்தியாசம். அப்போது அளவு வைத்தது வறுமை. இப்போது வைத்தது நான். முன்னது வலித்தது. பின்னது வலிக்கவில்லை. மாலியின் ஒரு ராக ஆலாபனையைப் பல வருஷங்களுக்குப் பிறகு முழுசாகக் கேட்டேன். போர்ச்சுகீசியப் பாட்டில் ஒன்று தப்பித்தது. அது நிஜமாகவே நன்றாக இருந்தது!

அந்த பிளேயர் வயதாகி நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. ஐபாட் கிளாசிக்கின் விற்பனையே 2014-ல் நின்றுவிட்டது. 2022-ல் ஐபாட் என்ற வரிசைக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். இப்போது யாரும் பாட்டைச் சேர்த்து வைப்பதில்லை. மாதச் சந்தா கட்டினால் பத்து கோடிப் பாட்டு செல்போனில் திறக்கிறது. ‘என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் அங்கேதான் இருக்கிறது’ என்கிறான் என் மகன். அபரிக்கிரகம் கைகூடிவிட்டதா என்ன? அவனைச் சாப்பிடக் கூப்பிட நான் மூன்று முறை கத்த வேண்டியிருக்கிறது. பொருள் போய்விட்டது. மூர்ச்சை மட்டும் அப்படியே இருக்கிறது.

அவனுக்கு நான் புத்திமதி சொல்வதில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நெசவாளர் சொன்னதை மட்டும் ஒருமுறை சொன்னேன். பாட்டு தறிக்கு மேல போகக்கூடாது. “தறின்னா?” என்று கேட்டான். “நீதான் கண்டுபிடிக்கணும்” என்றேன்.

உங்களையும் அதையேதான் கேட்கிறேன். உங்கள் தறி எது? அது வீட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் வயதான அம்மாவாக இருக்கலாம். பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல வந்து, உங்கள் காதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் குழந்தையாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்தை முடித்ததும் இயர்போனை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கலாம்.